பாக்கி இருந்த பதினாறு சுடோகு

பதினாறு நாள் விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊசியக்கா கதவைத் திறந்தபோது, பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை முகத்தில் அடித்தது. பெட்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டு முதலில் ஜன்னல்களைத் திறந்தாள். சமையலறைக் குழாய் இரண்டு முறை இருமிவிட்டுக் கலங்கலாகத் தண்ணீர் விட்டது. கிளம்பிய அன்று அவசரமாகக் குடித்துவிட்டுக் கவிழ்த்த டம்ளர் கவிழ்ந்தபடியே இருந்தது. நாற்காலியில் போட்ட துண்டு போட்டபடியே கிடந்தது. எங்கள் வீட்டில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது பெருமையா, எடுத்து இடம் மாற்ற இன்னொரு ஆள் இல்லாத குறையா என்று அவர்கள் யோசிப்பதில்லை. ஊசியக்கா யோசிக்கிறவள்தான். ஆனால் அன்றைக்கு அவளுக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது.

ஊசியக்கா என்பது அவளுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர். கடைத்தெரு முனையில் இருக்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்தெட்டு வருடமாக ஊசி குத்துகிறாள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே இரண்டாவது தடவைதான் திரும்புவாள். வயது ஐம்பத்தாறு. கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி வாய் வலித்துப்போன உறவினர்கள், பிறகு அவளிடம் பேசுவதையே விட்டுவிட்டார்கள். கைராசிக்காரி. மற்றவர்கள் நாலு இடத்தில் துழாவியும் அகப்படாத நரம்பை இவள் ஒரே விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள். ஒரு நாளைக்கு அறுபது பேர் அவளிடம் கை நீட்டுகிறார்கள். அறுபது பேரிடமும் அவள் பேசுவது ஒரே பேச்சு. கையை மூடுங்க, அவ்ளோதான், திறங்க, பஞ்சை அழுத்திப் பிடிங்க.

பெட்டியைக்கூடப் பிரிக்காமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அவள் இல்லாத நாட்களின் செய்தித்தாளை எடுத்து வைக்கும்படி எதிர்வீட்டு சாரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"வாங்க வாங்க. லீவெல்லாம் நல்லாப் போச்சா? போயிருக்கும், போயிருக்கும். வெயில்ல கொஞ்சம் கறுத்துட்டீங்க," என்று கேள்வியையும் பதிலையும் அவரே சொல்லிக்கொண்டு பேப்பர் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "பேப்பரைப் பிரிச்சுப் பார்த்தேன், தப்பா நினைக்காதீங்க. சும்மா கிடக்குதேன்னு."

"பரவாயில்ல சார். பின்பக்கத்துல எதுவும் எழுதலையே?"

சார் தலையைச் சொறிந்தார். "ஒரே ஒரு நாள், ரெண்டு மூணு நம்பர் போட்டுப் பார்த்தேன். நமக்கு அதெல்லாம் ஒத்து வரல."

சிரித்துக்கொண்டே வாங்கி வந்தாளே தவிர, உள்ளே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டி, கத்தரிக்கோலால் பின்பக்கத்துச் சுடோகுவை மட்டும் வெட்டி எடுத்தாள். ஒன்றில் சார் நீல மசியில் அழுத்தி எழுதியிருந்தார், அதிலும் ஒரே வரிசையில் இரண்டு ஐந்து. மனுஷன் பென்சிலிலாவது எழுதக்கூடாதா? பழைய காலண்டர் தாளின் முதுகில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, அந்த ஒன்றை மட்டும் புதிதாக எழுதிக்கொண்டாள். தேதிவாரியாக அடுக்கி எண்ணினாள். பதினாறு இருந்தது. அதற்குப் பிறகுதான் தேநீர் போட்டாள்.

இந்தப் பதினாறின் கதையைச் சொல்லிவிட வேண்டும். பரிசோதனை நிலையத்தில் முடிவுகளைத் தட்டச்சு செய்கிற ஓர் அக்கா இருந்தாள். டைப்பிஸ்ட் அக்கா. ஊசியக்கா ரத்தம் எடுத்துக் கொடுப்பாள், டைப்பிஸ்ட் அக்கா அதை எண்ணாக அடித்துக் கொடுப்பாள். இருபத்து நாலு வருடம் அடுத்தடுத்த அறையில் இருந்துவிட்டு நாலு வருடத்துக்கு முன் அக்கா ஓய்வு பெற்றாள். புருஷன் போய்ச் சேர்ந்திருந்தார், பிள்ளை தூர தேசத்தில். சாயங்காலம் ஆனால் சுவர்தான்டி துணை என்று ஒருநாள் சொன்னாள். ஊசியக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கு ஏழரை மணிக்கு போன் போட்டாள். என்ன பேசுவது என்று தெரியாமல், இரண்டு பேர் வீட்டுக்கும் ஒரே செய்தித்தாள் வருகிறதே என்று, "அக்கா, பின்பக்கத்துல சுடோகு இருக்கு பாரு, ரெண்டு பேரும் சேர்ந்து போடலாமா?" என்றாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். சுடோகு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: ஒன்பது வரிசை, வரிசைக்கு ஒன்பது கட்டம். எந்த வரிசையிலும், எந்தப் பத்தியிலும், எந்த மூன்றுக்கு மூன்று சதுரத்திலும் ஒன்று முதல் ஒன்பதில் எந்த எண்ணும் இரண்டு தடவை வரக்கூடாது. சில எண்களை அவர்களே கொடுத்திருப்பார்கள், மீதியை நாம் யோசித்து நிரப்ப வேண்டும். இவர்கள் இருவரும் அதற்குத் தனிச் சட்டமே வைத்திருந்தார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைக்க வேண்டும். ஒரு ஆள் ஒரு எண். வரிசையையும் கட்டத்தையும் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்ல வேண்டும், மற்றவள் அதைத் தன் தாளில் எழுதிக்கொண்டு அடுத்ததைச் சொல்ல வேண்டும். நிச்சயமாகத் தெரிந்தால்தான் சொல்லலாம், குத்துமதிப்பு கூடாது. தனியாகப் போடக்கூடாது. ஊசியக்கா ஊருக்குக் கிளம்பும்போது டைப்பிஸ்ட் அக்கா, "நீ வர்றவரைக்கும் நான் கை வைக்கமாட்டேன். வெட்டி எடுத்து வைக்கறேன், வந்ததும் தினம் ஒரு பழசு ஒரு புதுசுன்னு முடிச்சுடலாம்," என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

விடுமுறை எப்படி இருந்தது என்றால், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. தம்பி, தம்பி மனைவி, அவள் அண்ணன் குடும்பம் என்று ஏழு பேர் சேர்ந்து கடலோரம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒன்பது வருடமாக லீவே எடுக்காதவளை, நீயும் வாக்கா என்று தம்பி வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனான். அறைகள் நிறைந்துவிட்டதால், "அக்காவுக்கு ஹால்தான் காத்தோட்டமா இருக்கும்," என்று சொல்லிப் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவர்கள் பேசிச் சிரிக்கிற விஷயம் அவளுக்குப் புரியாதபோது, யாராவது ஒருவர் நிறுத்தி விளக்கிச் சொல்வார்கள். விளக்கி முடிக்கிறபோது சிரிப்பு ஆறிப்போயிருக்கும். பத்தாவது நாளிலிருந்து சாயங்காலம் ஏழரை ஆனால் அவள் கை தானாக மேஜையில் பென்சிலைத் தேடியது. இந்த உலகத்தில் தன் குரலுக்குப் பதில் குரல் வருகிற இடம் அது ஒன்றுதான் என்று அங்கே வைத்துத்தான் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஊருக்கு வந்ததும் பெட்டியைப் பிரிக்காமல் கத்தரிக்கோலை எடுத்தாள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

அன்று ஏழரைக்கு போன் போட்டாள். நாலு தடவை மணி அடித்தும் எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை அக்கா மூச்சு வாங்க எடுத்தாள்.

"வந்துட்டியாடி ஊசி? சௌக்கியமா இருக்கியா?"

"வந்துட்டேன்க்கா. என்ன அங்க ஒரே சத்தம்?"

"தங்கச்சி வந்திருக்காடி. நீ கிளம்பின அன்னைக்கே அவ இருந்த வீட்டை விட்டுட்டு வந்துட்டா. தனியா இருந்து என்ன பண்ணப் போறா, இங்கயே இருந்துடுன்னு சொல்லிட்டேன்."

நல்லதுதானே என்றாள் ஊசியக்கா. மனசாரத்தான் சொன்னாள். அக்காவின் சுவருக்கு விடிவு காலம் வந்ததில் அவளுக்கு என்ன நஷ்டம்? முதல் நாளின் சுடோகுவை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பின்னால் பாத்திரம் உருண்டது, ஒரு பெண் குரல் எதையோ எங்கே வைத்தாய் என்று கேட்டது, அக்கா, "அலமாரில மேல் தட்டு," என்று வாயை மறைத்துச் சொன்னாள். அப்படியும் பழசு ஒன்றும் புதுசு ஒன்றும் முக்கால் மணியில் முடிந்துவிட்டன. பழக்கம் விட்டுப்போகவில்லையே என்று ஊசியக்காவுக்குச் சந்தோஷம்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனால், அங்கே அவள் வருகைக்காக நாலு பேர் முழங்கையைத் திறந்துகொண்டு காத்திருந்தார்கள். விடுப்புக்கு மாற்றாக வந்த ஆள் ஊசியைக் கண்டபடி குத்தித் தள்ளியிருந்தான். மாதாமாதம் சர்க்கரை பார்க்க வருகிற பெரியவர் ஒருவர், முழங்கைக்குக் கீழே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திட்டைக் காட்டினார்.

"நீங்க பாட்டுக்கு லீவு போட்டுட்டுப் போயிட்டீங்க. பாருங்க என் நிலைமையை."

"இனிமே எங்கயும் போகல. கையை மூடுங்க."

"என்ஜாய் பண்ணியிருப்பீங்க, முகமே சொல்லுது."

"அவ்ளோதான். பஞ்சை அழுத்திப் பிடிங்க."

அன்றைக்கு மட்டும் ஐந்தாறு பேர் அப்படிக் கையைக் காட்டிக் குறைப்பட்டார்கள். அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மதியம் சாம்பிள் டியூப்களுக்கு லேபிள் ஒட்டும்போது, அவர்கள் தேடியது தன் விரலைத்தான், விரலுக்கு மேலே உள்ள ஆளை அல்ல என்று தோன்றியது. தோன்றினாலும் தப்பில்லை, குத்துவதற்குத்தானே சம்பளம் கொடுக்கிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஏழரை மணி இருக்கிற தைரியம்.

விடுமுறையில் சேர்ந்துபோன மற்ற வேலைகளையும் ஒரு பக்கம் முடித்துக்கொண்டு வந்தாள். துவைத்தாள், காயப்போட்டாள், மின்சாரக் கட்டணம் கட்டினாள், கெட்டுப்போன பாதி எலுமிச்சம்பழத்தைத் தூக்கிப் போட்டாள். எல்லாவற்றையும் ஏழே காலுக்குள் முடித்துவிட்டு, முகம் கழுவி, பென்சில் சீவி உட்கார்ந்துவிடுவாள். போனில் பேசுவதற்கு எதற்கு முகம் கழுவ வேண்டும்?

செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன விஷயம் நடந்தது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். பாதி நிரம்பிய நேரத்தில் அக்கா, "இரு இரு, யோசிக்கறேன்," என்று இழுத்துவிட்டு, "ஆறாவது வரிசை, ரெண்டாவது கட்டம், நாலு," என்றாள்.

ஊசியக்கா எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டுப் பார்த்தாள். அந்தக் கட்டத்தின் மூலையில் நாலு, ஒன்பது என்று பொடியாகக் குறித்து வைத்திருந்தாள். இரண்டில் எது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை, இன்னும் மூன்று நாலு கட்டமாவது நிரம்ப வேண்டும். அக்காவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? நமக்குத்தான் மூளை மழுங்கிவிட்டது, பதினாறு நாள் சும்மா இருந்ததன் பலன் என்று முதலில் நினைத்தாள். போனை வைத்த பிறகு அழிரப்பரால் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே அந்த இடம் வரைக்கும் வந்தாள். வரிசையைப் பார்த்தாள், பத்தியைப் பார்த்தாள், சதுரத்தைப் பார்த்தாள். நாலும் வரலாம், ஒன்பதும் வரலாம். பக்கத்தில் தேநீர் ஆடை கட்டிப்போயிருந்தது.

அக்கா குத்துமதிப்பாகச் சொல்கிறவள் இல்லை. இருபத்து நாலு வருடம் ஒரு புள்ளி தவறாமல் எண்களை அடித்தவள். அப்படியென்றால் அவள் முன்னால் இருக்கிற தாளில் அந்த நாலு ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும்.

நம்ப மனசில்லை. ஆனால் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவளுக்குச் சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்காமல் தூக்கம் வராது. புதன்கிழமை, சுடோகு பாதியில் இருக்கும்போது அவள் வேண்டுமென்றே ஒரு தப்பான எண்ணைச் சொன்னாள்.

"நாலாவது வரிசை, அஞ்சாவது கட்டம், மூணு."

"ம். போட்டுக்கிட்டேன்," என்றாள் அக்கா.

இவள் மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆறு எண் தாண்டியது. ஏழாவதாக அக்கா வாயைத் திறந்தாள். "இரு இரு, யோசிக்கறேன். நாலாவது வரிசை, எட்டாவது கட்டம், மூணு."

ஒரே வரிசையில் இரண்டு மூன்று. எதிரே தாளை வைத்து எழுதிக்கொண்டு வருகிற எவளும் அதைச் சொல்லியிருக்க மாட்டாள். அக்கா எதையும் எழுதவில்லை. ஏற்கெனவே முடித்து வைத்த தாளைப் பார்த்துப் படிக்கிறாள், நடுநடுவே யோசிப்பதாக நடிக்கிறாள். ஊசியக்கா அந்த இரண்டாவது மூன்றையும் எழுதினாள். "சரிக்கா," என்றாள். மீதியையும் அவள் சொன்னபடியே எழுதி முடித்தாள்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அன்றிரவு வயிற்றுக்கு ஒன்றும் போடாமல் படுத்தாள். வாக்குக் கொடுத்தவள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் என்ன தலையை வாங்கிவிடப் போகிறேனா? தங்கச்சியோடு உட்கார்ந்து போட்டிருப்பாள், பேப்பர் வந்த சூட்டோடு முடித்திருப்பாள், சரி, அதைச் சொல்வதற்கென்ன என்று உத்தரத்தைப் பார்த்துச் சண்டை போட்டாள்.

வியாழக்கிழமை காலை வேலையில்தான் கோபம் வேறொன்றாக மாறியது. ஒரு பெண் வந்திருந்தாள். ஊசி என்றால் பயம், கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். மூன்று டியூப் எடுக்க வேண்டும். முதல் டியூப் பாதிகூட நிரம்பாதபோது ஊசியக்கா வழக்கம்போல, "அவ்ளோதான், முடிஞ்சுது," என்றாள். முடியவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பயந்தவர்களிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும். வலிக்கப் போகிறவர்களுக்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறாள், மெத்தென்று, கொஞ்சம் இழுத்து. அந்தக் குரல் தன் வாயிலிருந்து வந்ததும் அவளுக்குச் சுரீர் என்றது. நாலு நாளாக அக்கா, இரு இரு யோசிக்கறேன் என்று சொன்னதும் இதே குரல்தான். அக்கா ஏமாற்றவில்லை. இவளுக்கு வலிக்கும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறாள். பாவம், தனியாக இருக்கிறாள், போன் போடுகிறாள், முக்கால் மணிதானே என்று தங்கச்சியைக் காத்திருக்க வைத்துவிட்டு வந்து உட்காருகிறாள்.

நாலு வருடத்துக்கு முன் யார் யாருக்குத் துணை என்று ஆரம்பித்தது, இப்போது யார் யாருக்குத் துணையாக முடிந்திருக்கிறது பாருங்கள். பரிதாபப்படுகிறவளாக இருப்பது எவ்வளவு சுகமோ, பரிதாபத்துக்குரியவளாக இருப்பது அவ்வளவு கஷ்டம். ஊசியக்காவுக்குக் காது மடல் வரை சூடேறியது. அந்தப் பெண்ணின் கையில் பஞ்சை வைத்துத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்தான், "நானே பிடிச்சுக்கறேங்க," என்று கையை எடுத்துவிட்டாள்.

அக்காவைக் காட்டிக்கொடுக்காமல் அவளை விடுவிக்க வேண்டும், அதுதான் கௌரவம் என்று நாள் முழுவதும் யோசித்து ஒரு பொய்யைத் தயார் செய்தாள். பன்னிரண்டு சுடோகு மிச்சம் இருந்தது. ஏழரைக்கு போன் போட்டாள்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே."

"என்னடி?"

"தம்பி எடுத்த வீட்டுலயும் இதே பேப்பர்தான் போட்டாங்க. பொழுது போகாம எல்லாத்தையும் அங்கயே போட்டு முடிச்சுட்டேன். இந்த நாலு நாளும் பார்த்துப் பார்த்துத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அந்தக் கடலோர வீட்டுக்கு எந்தப் பேப்பரும் வரவில்லை. அக்காவுக்கு அது தெரியாது. அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

"அடிப்பாவி. நானும்தான்டி. நானும் பார்த்துத்தான் சொன்னேன். தங்கச்சி கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டேங்கறா, காலைல பேப்பர் வந்ததும் ரெண்டு பேரும் உட்கார்ந்துடறோம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, நாலு நாளா நான் பட்ட பாடு இருக்கே."

ஊசியக்காவும் சேர்ந்து சிரித்தாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவள் காத்திருந்தது ஒரு வாக்கியத்துக்குத்தான்: சரி விடு, நாளையிலிருந்து ஒழுங்காப் போடலாம். கோட்டை கட்டி வைத்திருந்தாள். பெருந்தன்மையாக நாம் விட்டுக்கொடுத்தால் எதிராளி வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைக்கிற ஜாதி அவள்.

"அப்பாடா," என்றாள் அக்கா, சிரிப்பு அடங்கி. "பெரிய பாரம் இறங்குச்சுடி. நானும் தினமும் உன்னைப் பிடிச்சு உட்கார வெச்சுக்கிட்டிருக்கேனேன்னு இருந்துச்சு. உனக்கும் வேலைவெட்டி இருக்கும். இனிமே தோணும்போது போடு, பேசுவோம்."

"போடறேன்க்கா."

"உடம்பைப் பார்த்துக்க."

"சரிக்கா."

வைத்துவிட்டாள். மணி ஏழு முப்பத்தாறு.

இவளை என்ன செய்வது, சொல்லுங்கள். அறுபது பேர் நரம்பை அறுபது விதமாகக் கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு, எனக்கு நீ வேணும்க்கா என்று ஒரு வரி சொல்ல வாய் வரவில்லை. அதற்கு நாள் முழுவதும் உட்கார்ந்து பொய் தயாரிக்கிறாள். கௌரவமாம். அந்தக் கௌரவத்தை இப்போது சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்து மணி வரை என்ன செய்வது என்று தெரியவில்லை. சரி, தனியாகவே போடுவோம், யார் கேட்கப் போகிறார்கள் என்று அடுத்த சுடோகுவை எடுத்தாள். முதல் எண் சுலபமாகக் கிடைத்தது. எழுதினாள். எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், அடுத்த எண்ணை யாரும் சொல்லப் போவதில்லை, அதையும் தானேதான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது உறைத்தது. அப்போது அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதாள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லையே, அந்த ஒரு வசதி இருந்தது. மூக்கைச் சிந்திவிட்டு வந்து மறுபடியும் போனை எடுத்தாள். இந்தத் தடவை யோசிக்கவில்லை. யோசித்தால் இன்னொரு பொய்தான் வரும் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

"என்னடி, எதையாவது மறந்துட்டியா?" என்றாள் அக்கா.

"பொய் சொன்னேன்க்கா. அங்க பேப்பரே வரல. நான் ஒண்ணும் போடல. பன்னெண்டும் அப்படியேதான் இருக்கு."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து வேறு அறைக்கு நடப்பதும் கதவு சாத்துவதும் கேட்டது.

"நான் என்னடி பண்ணட்டும்," என்றாள் மெல்ல. இழுத்துப் பேசுகிற குரல் இல்லை, அவளுடைய சொந்தக் குரல். "முதல் நாள் வேண்டாம், ஊசி வரட்டும்னுதான் சொன்னேன். ரெண்டாம் நாள் நானே பென்சிலை எடுத்துட்டேன். ஒரே மேஜைல எதிரெதிரா உட்கார்ந்து போடறது வேற மாதிரி இருக்குடி. அதை நான் இல்லேன்னு சொல்லமுடியாது."

"சொல்ல வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் போடுங்க. சுடோகு வேண்டாம்க்கா. ஏழரைக்கு நீ போனை எடு, அது போதும்."

"எடுத்து?"

"பேசு."

"என்னடி பேசறது? வரிசை, கட்டம், நம்பர். இதை விட்டா நாம வேற என்ன பேசியிருக்கோம்?"

அது உண்மை. நாலு வருடம் தினமும் பேசியிருக்கிறார்கள். அவளுக்கு முட்டி வலி எந்தக் காலில் என்று இவளுக்குத் தெரியாது. இவள் சாப்பிட்டாளா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. போனில் ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்டது. வைத்துவிடுவாள் என்று ஊசியக்காவுக்குப் பயமாக இருந்தது. வைத்தால் இதுதான் கடைசி என்றும் தெரிந்தது.

"கடல் பக்கம்னு சொன்னியே," என்றாள் அக்கா, தேடித் தேடி. "இறங்கினியா?"

"இல்லக்கா."

"ஏன், தண்ணி பயமா?"

"பயமெல்லாம் இல்ல. அவங்க எல்லாரும் இறங்குவாங்க. நான் கரைல உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்குவேன்."

"எத்தனை நாள் பார்த்துக்கிட்டே?"

"எல்லா நாளும்தான்."

அந்தப் பக்கம் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது.

"எத்தனை ஜோடி?"

"ஏழு."

"உன்னோடதையும் சேர்த்தா?"

"இல்லக்கா. என்னுது என் கால்லயேதான் இருந்துச்சு."